பானையை இறக்கி வைக்க ஒரு கல்

என் அஞ்சலை அக்காவுக்கு, உன் பச்சை எழுதிக்கொள்வது.

நீ பானை சுமந்து நடந்த அன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்று இப்போது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அதனால் முதலில் அவர்களைச் சொல்லிவிடுகிறேன். அரிசிப் பானையைத் தலையில் வைத்திருந்த நீ. சும்மாட்டுத் துணி நழுவினால் சரிசெய்துவிட உன் பின்னாலேயே வந்த நான். உன் புருஷன் கோவிந்தன். உன் மாமியார் குப்பம்மாள். விறகையும் சேவலையும் ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டிவந்த மாரிமுத்து அண்ணன். எல்லாருக்கும் முன்னால், கையில் வேப்பிலைக் கொத்தும் மடியில் கற்பூரமுமாக நம் அப்பா. பெற்றவர் பேரைப் பெண்பிள்ளை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்த்தார்கள், அதனால் அவர் பேரை எழுதவில்லை. அம்மா அதற்குச் சில வருஷம் முன்பே போய்விட்டாள். இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? நானும் யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

இத்தனை வருஷம் கழித்து எதற்கு இந்தப் பழைய பேச்சு என்பாய். உன் கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள், அக்கா. மலைக்குப் போகிற ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். ஜேசிபி வந்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டது.

அது உனக்காக நட்ட சுமைதாங்கி. வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி செத்துப்போனால், அவள் பாரம் இறங்கட்டும் என்று வழியோரத்தில் இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைப் படுக்க வைப்பார்களே, அது. தலைச்சுமையோடு வருகிறவள் யார் கையையும் எதிர்பார்க்காமல் சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு மூச்சு வாங்கலாம். அவள் விடுகிற பெருமூச்சு செத்தவளுக்குப் போய்ச் சேரும் என்பார்கள். நான் எத்தனையோ புல்லுக்கட்டை அதன்மேல் வைத்து மூச்சு விட்டிருக்கிறேன். ஒன்றாவது வந்து சேர்ந்ததா உனக்கு?

இப்போது அது டீக்கடை ஓரமாகக் கிடக்கிறது. கடைக்காரர் அதன்மேல் கேஸ் சிலிண்டரை வைத்திருக்கிறார். தை பிறந்ததும் திரும்ப நடப்போகிறோம் என்று ஊர்த் தலைவர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பொன்னாடை வேறு.

"ஆயா, ஒங்க அப்பா பேரு போட்ட கல்லு. ஊருக்கே பெருமை. பேருக்குத் தங்கக் கலர்ல பெயிண்ட் அடிச்சி நட்டுறலாம். நீங்கதான் வந்து மால போடணும்" என்றார்.

"யாருக்குப்பா மால?"

"கல்லுக்குத்தான். ஒங்க அப்பாவுக்குன்னே வெச்சிக்குங்களேன்."

"அந்தக் கல்லு யாருக்கு நட்டது? செத்தவ பேரு இன்னா?"

அவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர் என் மூத்த மகனைப் பார்த்தார். என் மகன் தரையைப் பார்த்தான்.

அவன் உன் தங்கை பிள்ளை. நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன் அவனுக்கு! பெரியம்மா என்று தெரியும், பேர் நிற்கவில்லை. நின்றதெல்லாம் கல்லில் வெட்டிய பேர்தான். நீ யாருக்கும் இல்லாமல் போய்விட்டாய், அக்கா. அதுதான் என்னை உட்காரவிடவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும்.

கோமுகியில் அணை கட்டாத காலம் அது. மலையை இன்னும் ஜாகீர்தார்கள்தான் ஆண்டார்கள். வடக்கனந்தல் பக்கத்திலிருந்து மலையடிவாரத்துக்கு வண்டிப்பாதை ஒன்றுதான். உனக்குக் கல்யாணமாகியும் வெகுநாள் வயிறு திறக்கவில்லை. அப்பா யாரையும் கேட்காமல் அடிவாரத்து வேடியப்பன் சாமியிடம் வேண்டிக்கொண்டார். மகளுக்குப் பிள்ளை தங்கினால், பிறப்பதற்கு முன்பே அவளே பொங்கல் பானையைத் தலையில் சுமந்து, தரையில் வைக்காமல், கை மாற்றாமல், நடந்தே வந்து அவர் கல்லுக்கு முன்னால் இறக்குவாள். வேண்டியது அவர் வாய். சுமந்தது உன் தலை.

உன் மாமியார் அன்றைக்குக் காலையிலேயே தடுத்தாள். இதை நான் ஒளிக்கமாட்டேன். அவள்மேல் எனக்கு எவ்வளவோ ஆத்திரம் உண்டு, ஆனால் தடுத்தாள்.

"சம்பந்தி, ஏழு மாசம் இவுளுக்கு. கொயந்த பொறக்கட்டும், ரெண்டு பேரையும் வண்டில ஏத்திகினு வந்து செஞ்சிக்கலாம். சாமி எங்க ஓடிப்பூடப் போவுது?"

"சாமி ஓடாதுங்க. சொன்ன சொல்லு ஓடிப்பூடும்" என்றார் அப்பா. "எம் பொண்ணு தாங்குவா. ஊரு பூரா சொல்லியிருக்கறன்."

ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார், அதுதான் விஷயம். நாம் கிளம்பும்போது தெருவில் வாசலுக்கு வாசல் ஆள் நின்றது உனக்கு நினைவிருக்கும்.

அந்த வழியெல்லாம் கல்தான். முதலில் கம்பங்கொல்லையில் தலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற மொட்டைச் சாமி. அப்புறம் கோட்டைமேடு. இடிந்த மதிலும், கதவில்லாத வாசலும், உள்ளே ஆடு மேய்கிற ஒரு கோயிலும். அதைத் தாண்டினால் பாழ்நிலம், அதில் குள்ளர் வீடுகள். பலகைப் பலகையாகக் கல்லை நிறுத்தி, மேலேயும் ஒரு பலகைக் கல்லைப் போட்டு மூடிய வீடுகள். அந்தக் காலத்தில் செத்தவர்களுக்குக் கட்டியது என்பார்கள். அதற்கும் அப்பால்தான் வேடியப்பன், கையில் வில்லோடு, நெஞ்சுயரக் கல்லில்.

கல்லைக் கண்டால் வண்டியில் போகிறவர்கள் இறங்கி நடக்க வேண்டும் என்பது நம் பக்கத்து மரியாதை. மொட்டைச் சாமிக்கு உன் மாமியார் இறங்கினாள், ஏறினாள். கோட்டை வாசலுக்கு இறங்கினாள், ஏறினாள். நீ ஏறவே இல்லை, அதனால் இறங்கவும் இல்லை.

மாரிமுத்து அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. மாட்டிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டு வந்தார். "ஏண்டா செவல, நீ பாட்டுக்குக் காத்தாட வர்ற. ரெண்டு உசுரு சொமந்துகினு நடக்குது பாரு, அத்தப் பாத்து வெக்கப்படுடா."

"மாரி, வண்டிய ஓட்டு" என்றார் அப்பா.

"வண்டி தானா ஓடுதுங்க. பாரம் ஏதும் இல்லியே."

நீ சிரித்தாய். பானை ஆடும் என்று வாயை மூடிக்கொண்டு மூக்கால் சிரித்தாய். அதுதான் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு.

கோட்டைமேடு இறங்கியதும் உன் நடை மாறிவிட்டது. பின்னால் வந்த எனக்குத்தான் அது தெரிந்தது. இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டாய். கழுத்து நரம்பு கயிறுபோல நின்றது. குள்ளர் வீடுகள் கிட்டே வந்ததும் நின்றுவிட்டாய்.

"அப்பா, ஒரு வாட்டி எறக்கி வெச்சிக்கிறன்பா. அடிவயிறு இயுக்குது."

"கிட்ட வந்தாச்சி கண்ணு. அதோ தெரியுது பாரு புளியமரம்."

"முடியலப்பா."

உன் பக்கத்திலேயே ஒரு குள்ளர் வீடு. மேல்பலகை சரியாக உன் நெற்றி உயரத்துக்கு இருந்தது. கறுப்புக் கல், குறுக்கே பூணூல்போல ஒரு வெள்ளை ரேகை ஓடும். ஒரு அடி எடுத்து வைத்துத் தலையைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், பானை அதன்மேல் போய் உட்கார்ந்துவிடும். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

"அப்பா, இந்தக் கல்லு மேல வெக்கட்டுமேப்பா. தரையும் இல்ல, வேற கையும் இல்ல. நேர்த்தி கெடாதே."

அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் எரிகிறது. "செத்தவங்க வூட்டு மேல சாமி பானைய வெப்பாங்களாடீ? தீட்டு. இன்னா பேச்சு பேசற நீ?"

உன் மாமியார் வண்டியைவிட்டு இறங்கி வந்தாள். "நான் வாங்கிக்கிறன் சம்பந்தி. பாவம் வந்தா என் தலையில வரட்டும்."

"தொடாதீங்க" என்றார் அப்பா. அப்புறம் குரலைத் தாழ்த்தி உன்னிடம் சொன்னார். "எம் மானத்தக் காப்பாத்து அஞ்சல. இம்மாந்தூரம் வந்துட்டியே."

நீ உன் புருஷனைப் பார்த்தாய். அவர் மாட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். மாமனார் முன்னால் நிமிர்ந்து பேசிப் பழகாத ஆள்.

நீ நடந்தாய். புளியமரம் வரைக்கும் நடந்து, வேடியப்பன் முன்னால் முழங்காலில் உட்கார்ந்து, நீயே பானையை இறக்கினாய். ஒரு அரிசி சிந்தவில்லை. அப்பா இரண்டு கையையும் மேலே தூக்கி "பாத்தியா வேடியப்பா, எம் பொண்ண!" என்று கத்தினார். நீ எழுந்திருக்கவில்லை. நீ உட்கார்ந்திருந்த மண் நனைந்து கறுத்துக்கொண்டே போனதை நான்தான் முதலில் பார்த்தேன்.

பொங்கல் வைக்கவில்லை. விறகை எறிந்துவிட்டு உன்னை வண்டியில் போட்டோம். மாரிமுத்து அண்ணன் மாட்டை அதுவரை அடித்ததே இல்லை, அன்றைக்கு அடித்தார். திரும்பி வரும்போது எந்தக் கல்லுக்கும் யாரும் இறங்கவில்லை, அக்கா. குள்ளர் வீட்டுக்கும் இறங்கவில்லை, கோட்டை வாசலுக்கும் இறங்கவில்லை. எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளவில்லை. மொட்டைச் சாமியைத் தாண்டும்போது என் மடியில் இருந்த உன் தலை கனத்துவிட்டது.

அப்பா அழுதார். மண்ணில் புரண்டு அழுதார். நான் பார்த்தேன். அதற்கு என்ன செய்யச் சொல்கிறாய்?

காரியம் முடிந்த பிறகு உனக்குச் சுமைதாங்கி நடவேண்டும் என்று அவரே முன்னால் நின்றார். இரண்டு நிறுத்துக் கல் கோட்டை மதிலிலிருந்து வந்தது. மேல்கல்லை மாட்டில் கட்டி இழுத்து வந்தார்கள். ஆப்பு வைத்து நீளவாக்கில் பிளந்திருந்தார்கள். கறுப்புக் கல். கழுவிவிட்டதும் குறுக்கே வெள்ளை ரேகை தெரிந்தது.

"அப்பா, இது அந்தக் கல்லு" என்றேன்.

"எந்தக் கல்லு?"

"அக்கா பானைய வெக்கிறன்னு கேட்ட கல்லு."

சுற்றி ஆள் நின்றது. அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கற்பூரம் காட்டியாச்சி. கற்பூரம் காட்டிட்டா தீட்டு இல்ல."

அன்றைக்கும் உங்கள் மடியில் கற்பூரம் இருந்ததே, அப்பா.

இதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவர் செத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கல் நடுகிறவர் கேட்டார். "எவ்ளோ ஒசரம் வெக்கறது? செத்த பொண்ணு ஒசரத்துக்கு வெக்கறது மொற."

உன்னை யாரும் அளந்து வைத்திருக்கவில்லை. அப்பா என்னைக் கூப்பிட்டார். "பச்ச, வந்து நில்லு. நீயும் அவளும் ஒரே ஒசரம்."

நின்றேன். என் நெற்றிக்குக் கயிறு பிடித்தார்கள். உறவெல்லாம் என்னைப் பார்த்தது. உன் உயரம், உன் ஜாடை, கல்யாண வயசு. அந்தக் கயிற்றைச் சுருட்டுவதற்குள் எனக்கும் முடிவு செய்துவிட்டார்கள். அப்பா உன் மாமியாரைக் கூப்பிட்டு, அங்கேயே, கழுவின ஈரம் காயாத கல்லுக்குப் பக்கத்திலேயே சொன்னார். "வந்த வூடு வெறும் வூடா இருக்கக் கூடாதுங்க. சின்னவள எடுத்துக்குங்க." ஏதோ மாற்றிக்கொடுக்கிற பாத்திரம்போல. என்னை யாரும் கேட்கவில்லை. உன்னை மட்டும் கேட்டார்களா?

கல்லில் பேர் வெட்டினார்கள். அப்பா பேரும், அதற்குப் பின்னால் உபயம் என்றும். நான் எழுத்துக் கூட்டிக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தேன். முன்னால், பின்னால், நிறுத்துக் கல்லின் அடியில். உன் பேர் எங்கேயும் இல்லை. மகளுக்குக் கல் நட்ட மகராசன் என்று அவரை ஊர் கொண்டாடியது. சந்தையில் உட்கார இடம் கொடுத்தார்கள். நீ அவருக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தாய், பானையோடும் ஒருதரம், பாடையோடும் ஒருதரம்.

என் மனசில் ஆள் ஆளுக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். சிலதை அவிழ்த்துவிட்டேன், அதையும் உனக்குச் சொல்ல வேண்டும்.

உன் மாமியார் எனக்கும் மாமியாராகிப் படுத்திய பாடு தனிக்கதை. உன் புடவையையே எனக்குக் கொடுத்து உடுத்தச் சொன்னவள். ஆனால் அதற்குப் பிறகு சாகிறவரை அவள் பொங்கலை வாயில் வைக்கவில்லை. தைப் பொங்கலன்றைக்கும் கூழ்தான். நான் ஒருநாள் வற்புறுத்தினேன். "வேணான்டி. அன்னிக்கு நான் வெடுக்குனு புடுங்கியிருக்கணும், மருவாதி பாத்துகினு நின்னுட்டன்" என்றாள். அவள் முடிச்சை அன்றைக்கே அவிழ்த்துவிட்டேன்.

உன் புருஷன் எனக்கு நாலு பிள்ளை கொடுத்தார். தூக்கத்தில் உன் பேரைத்தான் சொல்வார். கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். அவர் கடைசிவரை சுமைதாங்கி வழியாகப் போகவே இல்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போகும்போதும் ஏரிக்கரையைச் சுற்றித்தான் வண்டியை ஓட்டுவார். "ஏன்யா இந்தச் சுத்து?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "ஒரு வார்த்த, பச்ச. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார். அதற்கு மேல் அவரை நான் என்ன கேட்பது? விட்டுவிட்டேன்.

மாரிமுத்து அண்ணனுக்கு முடிச்சே போடவில்லை. அவர் ஒருத்தர்தான் அன்றைக்கு வாயைத் திறந்து பேசினார், அதையும் மாட்டிடம் பேச வேண்டியிருந்தது.

போன மாதம் காலேஜிலிருந்து சிலர் வந்து குள்ளர் வீடுகளைப் படம் எடுத்தார்கள். இப்போது அங்கே சுற்றிலும் மரவள்ளிக் காடு. டீக்கடையில் கிடந்த உன் கல்லையும் பார்த்துவிட்டு, இது அங்கிருந்து வந்ததுதான், ஆதிகாலத்துக் கல் என்று ஒரு பெண் சொன்னாள். அப்பா பேரைச் சத்தமாகப் படித்தாள். பக்கத்தில் நின்ற எனக்கு உடம்பு கூசியது. "பாட்டி, இவரு யாரு? ராஜாவா?" என்று கேட்டாள். இல்லம்மா, வாக்குத் தவறாதவரு என்றேன். நல்லவரு போல என்று எழுதிக்கொண்டாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். போன வாரம் தலைவர் பொன்னாடையோடு வந்ததும் அதைத் திருப்பிக் கொடுத்தேன். கல்லை நட்டுக்கொள்ளுங்கள், ஆனால் புரட்டிப் போட்டு நடுங்கள் என்றேன். அப்பா பேர் கீழே போகட்டும். மேல்பக்கம் அஞ்சலை என்று வெட்டுங்கள், உபயம் கிபயம் ஒன்றும் வேண்டாம்.

என் மகன்தான் குதித்தான். "தாத்தா பேரத் தலகீழா போட்டா ஊரு இன்னா சொல்லும்மா?"

"அன்னிக்கு ஊரு பாக்குதுன்னுதான்டா அவ நடந்தா. இன்னிக்கும் ஊரு பாக்கட்டும்."

"செத்தவரும்மா அவரு."

"அவளும் செத்தவதான்."

தலைவர் சமாதானம் பேசினார். ரெண்டு பேரையும் போட்டுடலாம் ஆயா, தாத்தா பேரு மேல, அவங்க பேரு கீழ என்றார். "எங்கக்கா மேல ஏற்கெனவே போதுமான பாரம் ஏத்தியாச்சிப்பா" என்றேன். என் மகன் மூன்று நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தான். நாலாம் நாள் அவனே போய்க் கல்வெட்டுகிறவரைக் கூட்டிவந்தான். வந்தவர் கேட்டார். "எவ்ளோ ஒசரத்துக்கு வெக்கட்டும் ஆயா?"

என்னை ஒருத்தர் கேட்டுவிட்டு அளப்பது இதுதான் முதல் தரம். எழுந்து சுவரோரமாகப் போய் நின்றேன். வயசாகிக் குறுகிவிட்டேன் அக்கா, பழைய உயரத்துக்கு வைத்தால் எனக்கு எட்டாது. இப்போது இருக்கிற நெற்றிக்கு அளந்துகொள் என்றேன்.

அந்த அளவு எதற்கென்றால், உனக்கு நான் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். தை பிறந்து கல் நிற்கிற அன்றைக்கு வீட்டிலிருந்து மண்பானையில் அரிசி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வருவேன். வேடியப்பன் வரைக்கும் போகமாட்டேன். உன் கல்லுக்கு முன்னால் நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்து, பானையை அதன்மேல் இறக்கி வைப்பேன். நிதானமாக மூச்சு விடுவேன். அங்கேயே அடுப்புக் கூட்டிப் பொங்கி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் உன் பேரைச் சொல்லிப் போடுவேன். பேரைத் திருப்பிச் சொல்கிறவர்களுக்குத்தான் பொங்கல். என் மகனுக்கும் அப்படித்தான்.

மாலை போடமாட்டேன். அவிழ்க்காமல் வைத்திருக்கிற ஒரு முடிச்சை என்னோடு கொண்டுபோவேன். அந்தப் பேரை வாயால் சொல்லக்கூடாது என்றுதான் வளர்த்தார்கள், கையால் எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அஞ்சலையின் கூடப்பிறந்தவள் பச்சையம்மாள்,
நான் மன்னிக்காத முனுசாமிக்கு இளைய மகள்.